பலகையின் மறுமுனையில் அண்ணன்

அண்ணன் சமையலறையில் விழுந்து எவ்வளவு நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன்? அம்புலன்ஸில் வந்தவர் கேட்டார், டாக்டர் கேட்டார், அம்மா கேட்டாள், துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். எல்லோரிடமும் ஐந்து நிமிடம் என்றேன். முதல் தடவை பயத்தில் வாயில் வந்த எண் அது. இரண்டாம் தடவை மாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு பழகிவிட்டது. உண்மையான கணக்கு அம்மாவும் அண்ணனும் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டிக்குள் இருந்தது. அது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

நானும் அண்ணனும் சனிக்கிழமை மத்தியானங்களில் வீடியோ கேம் விளையாடுவோம். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, என் வீட்டுக்காரருக்குத்தான் வெட்கம். கிள்ளானில் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நான் கொமுட்டர் ரயில் பிடிப்பேன். யாராவது கேட்டால், அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். அம்மாவையும் பார்ப்பேன், அது பொய் இல்லை. அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவள் சொல்லும் அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் கேட்டு, இரண்டு மணிக்கு அவள் அறைக்குப் போய்ப் படுத்ததும் நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்காருவோம். அம்மா படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவாள். நாங்கள் மூன்றரைக்கு மேல் இழுத்தால் அவள் எழும்போது தேநீர் தயாராக இருக்காது. அதனால் எங்களுக்கு இருந்தது ஒன்றரை மணி நேரம்தான்.

அது சண்டை போடும் விளையாட்டு இல்லை. திரையில் முகம் இல்லாத இரண்டு மாவுப் பொம்மைகள் இருக்கும். என்னுடையது மஞ்சள், அவனுடையது நீலம். கால் தள்ளாடும், தலை ஆடும், எதைத் தொட்டாலும் கை ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோலரின் பின்பக்கம் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இடதை அழுத்தினால் பொம்மை இடது கையைத் தூக்கும், வலதை அழுத்தினால் வலது கையை. அழுத்திக்கொண்டே இருந்தால் பிடி விடாது. விட்டால் கை விட்டுவிடும். இந்தக் கைகளை வைத்துக்கொண்டு பெட்டியைத் தள்ளி, பலகையைச் சாய்த்து, கயிற்றில் தொங்கி, ஒவ்வொரு லெவலிலும் வெளியே போகும் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். பொருள்களுக்கெல்லாம் உண்மையான எடை உண்டு. கல் கல்லைப் போலவே விழும், பலகை பலகையைப் போலவே சரியும். தவறினால் பொம்மை கீழே ஒரு முடிவில்லாத வெள்ளைக்குள் போய்விடும். பிறகு மேலிருந்து மறுபடி வந்து பொத்தென்று விழுந்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்.

அண்ணனுக்கு லிப்டு பழுது பார்க்கும் வேலை. பங்சாரிலிருந்து ஜாலான் ஸ்காட் வரைக்கும் பாதிக் கட்டடங்களின் லிப்டுக் குழியில் அவன் இறங்கி ஏறியிருக்கிறான். லிப்டு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் ஓர் இரும்புப் பாரம், அவ்வளவுதான் என்பான். கேமில் ஒரு பலகையைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். எந்த முனையில் எவ்வளவு எடை என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஓடிப்போய்க் குதித்து விழுந்துவிடுவேன். நூறு தடவை விழுந்தால் ஒரு தடவை ஏறிவிடலாம் என்பது என் கட்சி. ஒரு தடவைகூட விழக்கூடாது என்பது அவன் கட்சி. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பதற்கும் இதுதான் காரணம் என்று நான் அவனைக் கிண்டல் செய்வேன். கோபப்பட மாட்டான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் கோபப்படுவான். பாஸ் போடக்கூடாது, அதாவது ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் வந்தது. பாஸ் போட்டுவிட்டுப் பேசப் போனேன். திரும்பி வந்து பாஸை எடுத்ததும் அவன் நாற்பது நிமிடமாக அடுக்கியிருந்த பெட்டிகள் ஒரு குலுங்கு குலுங்கி அத்தனையும் சரிந்தன. தற்செயலாக இருக்கலாம். ஆனால் நடுவழியில் நின்ற லிப்டு மறுபடி கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டும், இதுவும் அதுதான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் அது. ஒருவர் எழுந்து போனால் மற்றவர் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாரும் இந்த விளையாட்டை இப்படி ஆடியிருக்க மாட்டார்கள். நாங்கள் ஆடினோம்.

அண்ணன் விழுந்த அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருந்த லெவலில் ஓர் உடைந்த கோட்டை. சுவரின் மேல் ஒரு நீளப் பலகையை வைத்தோம். ஒரு முனை கோட்டைக்குள், மறு முனை வெளியே, கீழே வெறும் வெள்ளை. உள் முனையில் அண்ணனுடைய நீலப் பொம்மை ஏறி நின்றது, பாரத்துக்கு. நான் வெளி முனை வரை நடந்து போய், அங்கே இருந்த சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவன் இறங்கினால் பலகை என் பக்கம் சாய்ந்துவிடும். நான் கையை விட்டால் விழுந்துவிடுவேன். திரையின் மூலையில் லெவல் தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அண்ணன் அதைப் பார்த்தான். "சரியா அரை மணி ஆச்சு. தொண்டை காயுது. தண்ணி குடிச்சிட்டு வரேன், நீ அசையாத" என்றான். கண்ட்ரோலரை சோபாவின் கைப்பிடி மேல் வைத்துவிட்டு எழுந்து போனான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனது எனக்கு நினைவிருக்கிறது. வியர்த்திருக்க வேண்டும். நான் அதைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை.

ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த விளையாட்டில் எப்போதும் ஏதாவது விழுந்துகொண்டேதான் இருக்கும், காற்றும் ஊளையிடும். ஆனாலும் இது சமையலறைப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்தது. என்னத்த உடைச்ச என்று சத்தமாகக் கேட்டேன். பதில் வரவில்லை. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன பால்கனி இருக்கிறது. அம்மா தூங்கும்போது அண்ணன் அங்கே போய் சிகரெட் பிடிப்பான். அங்கே போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பேசிக்கொண்டே இருந்தேன். நான் வாய் ஓயாதவள். அவன் சிகரெட்டைப் பற்றிப் பேசினேன், என் ஆபீஸ் மேனேஜரைப் பற்றிப் பேசினேன், இப்படி ஆடி அசைந்து போய் வந்தால் அம்மா எழுந்துவிடுவாள் என்று சொன்னேன். திரையில் இரண்டு பொம்மைகளும் இருந்தன. யாரும் தொடாமல் விட்டால் அந்தப் பொம்மைகள் சும்மா நிற்காது. மூச்சு விடுவது போல மார்பு ஏறி இறங்கும், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும், சில சமயம் தலை திரும்பும். அண்ணனுடைய நீலப் பொம்மை இடது பக்கம் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடது பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் உன்னை மாதிரியே பொழுது போகவில்லை என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் சோபாவிலிருந்து சமையலறை இடது பக்கம்.

அது கம்ப்யூட்டர் செய்யும் வேலை என்று எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் என் மஞ்சள் பொம்மையைச் சும்மா விட்டு உட்கார்ந்து பார்த்தேன். அது இரண்டு பக்கமும் திரும்பியது.

என் இரண்டு ஆள்காட்டி விரல்களும் மரத்துப்போயின. முதலில் எரிச்சல், பிறகு கோபம். எழுந்து போனால் அவன் திட்டுவான் என்ற எண்ணம் வேறு. அண்ணனிடம் திட்டு வாங்கக்கூடாது என்று நான் உட்கார்ந்திருந்தேன், பத்து அடி தூரத்தில் அவன் தரையில் கிடந்தான். கடைசியில் உன் பலகையும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று பாஸ் போட்டுவிட்டு எழுந்தேன். கடிகாரம் ஐம்பத்து நான்கு நிமிடத்தில் நின்றது.

அவன் சுவரில் மாட்டிய தண்ணீர் வடிகட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். கண்ணாடித் தம்ளர் உடையாமல் கதவோரம் உருண்டு கிடந்தது. நான் கத்தியதில் அம்மா வந்தாள். பிறகு அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் இதயத்தை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் அவன் கண் திறக்கவே இல்லை. இரண்டு நாள் இருந்தான். டாக்டர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசினார். மூளைக்கு ரத்தம் போகாமல் நிறைய நேரம் ஆகிவிட்டது போலத் தெரிகிறது என்றார். அம்மா விடவில்லை. அஞ்சு நிமிஷம்தானே டாக்டர், எம்பொண்ணு அஞ்சு நிமிஷத்துல ஓடிப் போய்ப் பாத்துட்டாளே என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா அன்றிலிருந்து ஆஸ்பத்திரியைத் திட்ட ஆரம்பித்தாள்.

துக்க வீட்டில் கண்ணாடியையும் டிவியையும் துணி போட்டு மூடுவது எங்கள் வழக்கம். பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை பாட்டும் படமும் கூடாது. ஜெஞ்சாரோமிலிருந்து வந்து வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்ட சித்தி, அண்ணனுடைய வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து டிவி மேல் போட்டாள். கீழே கேம் பெட்டியும் அதற்குள் மறைந்தது. அந்தப் பெட்டியை அணைக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் தானாகத் தூங்கிவிடும். தூங்கினாலும் ஆட்டத்தை விட்ட இடத்தில் அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதற்கு அடையாளமாக ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும். வேட்டிக்குப் பின்னால் அந்த விளக்கு மங்கலாகத் தெரிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்து காபி குடித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், உள்ளே அண்ணன் பலகை மேல் நிற்கிறான், நான் தொங்குகிறேன், மூலையில் ஐம்பத்து நான்கு.

பிளக்கைப் பிடுங்கினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து குனிந்து கையையும் வைத்துவிட்டேன். பின்னால் அம்மா நின்றாள். அவன் தொட்டத எதையும் பதினாறு வரைக்கும் எடுக்கக்கூடாது, விடு என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் திருடி மாட்டிக்கொண்டது போல உடம்பெல்லாம் வியர்த்தது.

இன்னொரு நாள் மத்தியானம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒரு முறை மங்கி எழுந்தன. கரண்ட் போக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். எதிர் பிளாட் முழுதும் இருட்டானது. எங்கள் பிளாட்டில் போகவில்லை. வேட்டிக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கு அசையாமல் எரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயம் வந்தது.

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். போனில் யார் கூப்பிட்டாலும், மக இருந்ததாலதான் அஞ்சு நிமிஷத்துல பாத்தா, இல்லாட்டி எம்புள்ள அங்கயே போயிருப்பான், ரெண்டு நாள் மூஞ்சியப் பாக்கவாவது கெடச்சிச்சு என்பாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், அதே வடிகட்டிக்குக் கீழே நின்றுகொண்டு.

பதினாறாம் நாள் படையல். அண்ணனுடைய படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தோம். மட்டன் பெரட்டல், நெத்திலி சம்பல், ஒரு பாட்டில் கருப்பு பியர், அம்மாவுக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த சிகரெட்டில் ஒரு பாக்கெட். எல்லாம் வைத்த பிறகு அம்மா கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தாள். அவன் வெளையாடற சாமானையும் வைங்க என்றாள். சோபாவின் கைப்பிடி மேல் அவன் வைத்த இடத்திலேயே அந்தக் கண்ட்ரோலர் இருந்தது. பதினாறு நாளாக யாரும் அங்கே உட்காரவில்லை. கம்பி போட்டு சார்ஜ் ஏற்றியபடியே விளையாடுவது அண்ணனின் பழக்கம், அதனால் அதற்குள் உயிர் இருந்தது. சித்தி கம்பியைப் பிடுங்கி எடுத்துவந்தாள்.

படையலில் வைக்கும் எதையும் அப்படியே வைக்க மாட்டார்கள். சித்தி ஈரத்துணியால் அதை அழுத்தித் துடைத்தாள். சந்தனத்தைக் குழைத்து, மேல் பக்கம் சரியாக நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். அதன் மேல் குங்குமத்தை விரலால் அழுத்தினாள். பெட்டியை எழுப்பும் பொத்தான் அந்த நடுவில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதை அப்படி அழுத்தியிருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி அதை இலையில் வைத்து, பெரிய சாமந்தி மாலையை இரண்டாக மடித்து அதன் மேல் போட்டுவிட்டாள்.

சடங்கு செய்ய வந்த பண்டாரம் மணியை எடுத்தார். அப்போது வேட்டி வெளிச்சமானது.

முதலில் சத்தம் வந்தது, கோட்டைக்கு வெளியே வீசும் அந்தக் காற்று. பண்டாரத்தின் கை அந்தரத்தில் நின்றது. வேட்டிக்குப் பின்னால் ஓர் உருவம் தெரிந்தது. பெட்டி எழுந்தால் டிவியும் கூடவே எழும்படி அண்ணன் எப்போதோ செய்து வைத்திருந்தான். ஒருவரும் நகரவில்லை. சித்திதான் தைரியமாகப் போய் வேட்டியை இழுத்தாள்.

மாலை போட்டதில் பாஸும் விலகியிருந்தது. நீலப் பொம்மை பலகையின் முனையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தது. எனக்கு ஒரு நொடியில் காரணம் புரிந்துவிட்டது. மாலையின் கனத்தில் கண்ட்ரோலரின் பின் பொத்தான்கள் இரண்டும் இலையோடு அழுந்தியிருக்கின்றன. காரணம் புரிந்ததால் முடிகள் சிலிர்க்காமல் இருந்துவிடவில்லை. என் கண்ட்ரோலர் டிராயரில் கிடந்தது, மஞ்சளின் கைகளைப் பிடிக்கச் சொல்ல யாரும் இல்லை. அது சங்கிலியை விட்டு, பலகையில் இடித்து, வெள்ளைக்குள் சின்னதாகிக்கொண்டே போனது, ஆட ஆள் இல்லாததால் மறுபடி மேலிருந்து வரவில்லை. நீலம் அதைப் பார்த்துக் கைகளைத் தூக்கியபடி நின்றது.

கும்பிடுறான் என்றாள் சித்தி. இல்லை என்று அம்மா தலையாட்டினாள்.

"தூக்கச் சொல்றான்" என்றாள். "சின்னதுல இப்படித்தான் கைய தூக்குவான்."

பண்டாரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கற்பூரத்தை ஏற்றி முதலில் படத்துக்குக் காட்டினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டிவிக்கும் காட்டினார். எல்லோரும் டிவியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். மூலையில் கடிகாரம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்து ஐந்து. ஐம்பத்து ஆறு. படையலில் வைத்ததை எடுத்தால் தப்பு, அதனால் பாஸ் போட முடியாது. காக்கைக்குச் சோறு வைத்து, எல்லோரும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடிக்கும் வரை அண்ணன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். கடிகாரம் ஒரு மணியைத் தாண்டி, இரண்டு மணியைத் தாண்டி ஓடியது.

ஐம்பத்து நான்கு போய்விட்டது. இனி அந்தப் பெட்டியை யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நான் பதினாறு நாளாக வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சமையலறைக்குப் பின்னால் இருந்த பால்கனிக்குப் போய் வாந்தி எடுத்தேன். மட்டன் சேரவில்லை என்று சித்தி இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் ரயில் பிடித்தேன். அம்மா தனியாக இருக்கிறாள், போகாமல் எப்படி. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சோபாவில், நான் எப்போதும் உட்காரும் பக்கம், டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அணைக்கக்கூடாது என்று சித்தியிடம் சொல்லிவைத்திருந்தாளாம், அது தூங்கிவிட்டால் பொட்டு வைத்த இடத்தை அழுத்தி எழுப்பச் சித்தி அவளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். நீலப் பொம்மை பலகை முனையில் நின்று, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலர் கம்பியோடு அம்மாவின் மடியில் இருந்தது. சந்தனம் காய்ந்து பொத்தான்களின் சந்துகளில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"எத்தன நாளா அங்கயே நிக்கிறான்" என்றாள். "கால் வலிக்காது? எறக்கி விடு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கட்டை விரலை எடுத்து எந்தக் குமிழில் வைக்க வேண்டும் என்று காட்டினேன். முன்னால் தள்ளினால் நடக்கும் என்றேன். அம்மா தள்ளவில்லை. குமிழைத் தடவிக்கொண்டே, கிள்ளான் அத்தை போன் பண்ணியிருந்ததைச் சொன்னாள். எம்மக அஞ்சு நிமிஷத்துல ஓடினா, அந்த அம்புலன்ஸ்காரன் நேரத்துக்கு வந்திருந்தா என்று மறுபடி ஆரம்பித்தாள். அந்த அம்புலன்ஸில் வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பதினொரு மாடிக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, லிப்டு வரும் வரை நிற்க மனமில்லாமல் படி ஏறி ஓடிவந்தவர்கள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் சாகும் வரை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் அந்தப் புகழ்ச்சியை இன்னொரு தடவை கேட்டால் நான் அந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது.

"அஞ்சு நிமிஷம் இல்லம்மா" என்றேன். "இருபத்து நாலு நிமிஷம். அவன் விழுந்த சத்தம் கேட்டும் நான் எந்திரிக்கல. கேம்ல கைய விடக்கூடாதுன்னு இங்கயே ஒக்காந்திருந்தேன்."

அம்மா அழுவாள், அடிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அவளோ டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அந்தப் பதினாறு நாளில் நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"இதுக்கா இப்படி மருகுற. நான் அன்னிக்குத் தூங்கவே இல்ல, முதுகு வலி. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தத கேட்டுட்டேதான் படுத்திருந்தேன். நீ அவன தனியா விடல."

எனக்கு முதலில் புரியவில்லை. நான் மட்டும்தானே பேசினேன் என்றேன்.

"அவனும்தான் பதில் சொன்னான். நீ ஒண்ணு சொல்லுவ, அவன் அங்கேருந்து ஒண்ணு சொல்லுவான். என்னா சொன்னான்னு சரியா வெளங்கல. வாயில தண்ணிய வச்சிக்கிட்டு பேசறான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் பேசிட்டுத்தான் இருந்தான்."

அம்மாவின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது. என் பக்கத்தில் அந்தக் காற்றுச் சத்தமும், என் பேச்சும் இருந்தன. அம்மாவுக்கு அவள் சொன்னதன் அர்த்தம் தெரியவில்லை. கடைசி வரை பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். அதை வைத்துக்கொண்டு அவள் இனி தூங்குவாள். நான் அதைப் பிடுங்கவில்லை. ஆமாம்மா, பேசிட்டுத்தான் இருந்தோம் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குமிழை மெதுவாக முன்னால் தள்ளினாள். அண்ணன் பலகையிலிருந்து இறங்கி நடந்தான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை. நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.